பிராட்ஃபோர்டு மண்டலங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிராட்ஃபோர்டு விதியைப் பற்றித்தான். தீசிஸ் சமர்ப்பிக்கும் மாதம் நெருங்குகிறது போலிருக்கிறது. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். "விதி என்றால் என்ன" என்று கேட்டவர்களுக்கு ஒரே வரி: ஒரு தலைப்பில் அதிகக் கட்டுரை தந்த ஆய்விதழிலிருந்து வரிசைப்படுத்தி, கட்டுரைகள் ஏறக்குறைய சமமாக விழும்படி மூன்று மண்டலமாகப் பிரித்தால், இதழ்களின் எண்ணிக்கை மண்டலத்துக்கு மண்டலம் ஒரே பெருக்கியால் கூடும் என்பதுதான் விதி; முதல் மண்டலத்தை மையம் என்றும் கடைசியை வால் என்றும் சொல்வோம். மீதி, படித்துக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும். கேள்வி அனுப்பும்போது தலைப்பு, கால வரம்பு, தரவு எங்கிருந்து எடுத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இன்னும் சொல்வேன்.

சார், நானோ டெக்னாலஜிக்கு பிராட்ஃபோர்டின் மூன்று மண்டலப் பட்டியல் அவசரமாக வேண்டும். நாளைக்குள் அனுப்பவும். (ஊர் எழுதவில்லை)

அப்படி ஒரு பட்டியல் எங்கும் தயாராக இல்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தரவுத்தளம், என்ன தேடுசொல் என்பதைப் பொறுத்து அது மாறும். நாளைக்குள் முடியாது, நீங்களே செய்தாலும் முடியாது.

என் தரவில் முதல் மண்டலத்தில் 14 இதழ்கள், இரண்டாவதில் 61, மூன்றாவதில் 402. பெருக்கி 4.4, அப்புறம் 6.6 என்று வருகிறது. இரண்டும் சமமாக வரவேண்டாமா? தரவு தப்பா? (திருச்சி)

சமமாக வராததற்காகத் தரவைச் சந்தேகப்பட வேண்டாம். பிராட்ஃபோர்டுக்கே வரவில்லை. அவர் லண்டன் சயின்ஸ் மியூசியம் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். 1934-இல் வெளியிட்ட கட்டுரையில் பயன்பாட்டுப் புவி இயற்பியல் என்ற துறையை எடுத்துக்கொண்டார். 1928 முதல் 1931 வரை நான்கு ஆண்டு, 326 இதழ்கள், 1,332 கட்டுரைகள். முதலிடத்தில் இருந்த இதழில் 93 கட்டுரைகள், அடுத்ததில் 86, அதற்கடுத்து 56, 48, 46, 35, 28, 20, 17. இந்த ஒன்பது இதழ்களிலேயே 429 கட்டுரைகள் முடிந்துவிட்டன. அடுத்த 59 இதழ்களில் 499. மீதி 258 இதழ்களில் 404. அந்த 258-இலும் 169 இதழ்களில் நான்கு வருடத்தில் தலா ஒரே ஒரு கட்டுரைதான்!

இப்போது வகுத்துப் பாருங்கள். 9-லிருந்து 59-க்கு ஆறரை மடங்கு, 59-லிருந்து 258-க்கு நாலேகால் மடங்குக்குச் சற்று மேல். உங்களுக்கு வந்ததைவிட ஒன்றும் ஒழுங்காக இல்லை. அவர் எடுத்த இன்னொரு தரவு இயந்திர மசகு பற்றியது: 8 இதழ்கள், 29, 127. அங்கே 3.6, 4.4. ஆக, 1, 5, 25 என்ற விகிதம் பாடப்புத்தகத்தில் போட்ட அழகான உதாரணம். நிஜத் தரவு அதைச் சுற்றித்தான் அலையும்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. அவர் முதலில் கட்டுரைகளை மூன்று சம பங்காக வெட்டவில்லை. ஆண்டுக்கு நாலுக்கு மேல் கட்டுரை தரும் இதழ்கள், ஒன்றுக்கு மேல் நாலு வரை தருபவை, ஒன்று அல்லது அதற்கும் குறைவாகத் தருபவை என்றுதான் பிரித்தார். அப்படிப் பிரித்தபோது மூன்று குவியலும் ஏறக்குறைய சமமாக வந்தன. நாம் தலைகீழாக, முதலில் சமமாக வெட்டிவிட்டு அப்புறம் எண்ணுகிறோம். செய்யலாம், ஆனால் அப்படிச் செய்தேன் என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

சதவீதப் பிழை 1%-க்குக் கீழே வந்தால் விதி பொருந்துகிறது என்று அர்த்தம் என்கிறார் கைடு. எனக்கு 0.4% வந்திருக்கிறது. வைவாவில் தைரியமாகச் சொல்லலாமா? (மதுரை, கோவை, இன்னும் மூன்று ஊர்கள்)

இதற்காகத்தான் காத்திருந்தேன். வேண்டாம், சொல்லாதீர்கள்.

நம் நாட்டு நூலகவியல் ஆய்வேடுகளில் நான் பார்த்த பாதிக்கு மேல் இந்த ஒரே சடங்குதான் நடக்கிறது. மூன்றாகப் பிரிப்பது, இரண்டு பெருக்கியையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுப்பது, முதல் மண்டலத்து எண்ணை அந்தச் சராசரியால் ஒருமுறையும் அதன் வர்க்கத்தால் ஒருமுறையும் பெருக்கி மூன்றையும் கூட்டுவது, கிடைத்த மொத்தத்தை உண்மையான மொத்த இதழ் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது, வித்தியாசத்தைச் சதவீதமாக்குவது, "பிழை மிகக் குறைவு, ஆகவே விதி பொருந்துகிறது" என்று ஒரு வரி. தலைப்பு மட்டும் மாறும். நேற்று டெங்கு, இன்று வாழை, நாளை பிளாக்செயின்.

ஒரு கற்பனைத் தரவு தருகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மண்டலத்தில் 10 இதழ்கள், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 240. மொத்தம் 310. பெருக்கிகள் 6, 4. ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு, மாறிலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சரி, சராசரி 5. இப்போது உங்கள் கைடு சொன்னபடி 10, 50, 250 கூட்டுங்கள். 310! பிழை சுத்தமாக 0%. விதி கேட்பது மாறாத பெருக்கியை. அது இல்லவே இல்லை, ஆனால் பிழையும் இல்லை. இது எப்படி?

காரணம் சின்ன அல்ஜீப்ரா. இரண்டாம் மண்டலத்தில் குறைத்துக் கணித்தது மூன்றாம் மண்டலத்தில் கூட்டிக் கணித்ததோடு அடிபட்டுப் போகிறது. முதல் பெருக்கி இரண்டாவதைவிடச் சரியாக 2 அதிகமாக இருந்தால் மொத்தத்தில் பிழை எப்போதும் பூஜ்யம்தான். 8, 6 என்றாலும் பூஜ்யம், 3, 1 என்றாலும் பூஜ்யம். வித்தியாசம் 2-க்கு அக்கம்பக்கத்தில் இருந்தால் பிழையும் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். பிராட்ஃபோர்டின் சொந்தப் புவி இயற்பியல் தரவிலேயே போட்டுப் பாருங்கள், 326-க்குப் பதில் 327 வரும், கால் சதவீதச் சொச்சம்தான் பிழை. பெருக்கிகளோ 6.6, 4.4. வித்தியாசம் இரண்டேகால் அளவுக்குத் தற்செயலாக விழுந்ததால் கிடைத்த அழகு அது.

10, 70, 210 என்று எடுத்தாலும் பாருங்கள். பெருக்கிகள் 7, 3. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மொத்தம் 290, கணிப்பு 310, பிழை 7% போல. "ஏற்கத்தக்க பிழை" என்று எழுதி பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். முதலில் தரவிலிருந்து பெருக்கியை எடுத்துக்கொண்டு, அதே பெருக்கியை அதே தரவில் திரும்பப் போட்டால் கிட்டத்தட்ட அதே எண் வரத்தானே செய்யும்? சோதனை என்றால் தோற்பதற்கும் இடம் வேண்டும்.

அப்போது என்ன செய்வது? இதழ்களை அதிகக் கட்டுரை தந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள். கிடை அச்சில் வரிசை எண்ணின் மடக்கை (log), செங்குத்து அச்சில் அதுவரை சேர்ந்த மொத்தக் கட்டுரைகள். ஆரம்பத்தில் வளைந்து ஏறி, பிறகு நேர்கோடாக ஓடினால் உங்கள் தரவு பிராட்ஃபோர்டு சொன்ன மாதிரி நடக்கிறது. எவ்வளவு நேராக, எங்கிருந்து எங்குவரை என்று எழுதுங்கள். லெய்ம்குஹ்லர் 1967-இல் கொடுத்த சமன்பாட்டைப் பொருத்தி, சமன்பாடு தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கொல்மொகோரோவ்-ஸ்மிர்னோவ் சோதனை செய்து, பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். பொருந்தாதது குற்றமில்லை. பிராட்ஃபோர்டு வார்த்தையில் சொன்னதும் வரைபடத்தில் காட்டியதும் ஒன்றல்ல என்று விக்கரி 1948-லேயே எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் நாம் எதைச் சோதிக்கிறோம் என்று சொல்லாமலே சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

வைவாவில் கேட்டால், சதவீதப் பிழையைக் கணக்கிட்டேன், ஆனால் அது மட்டும் ஆதாரம் ஆகாது என்று சொல்லுங்கள். நல்ல தேர்வாளராக இருந்தால் உங்களை மதிப்பார். கைடு முறைப்பார், பரவாயில்லை.

பிராட்ஃபோர்டு விதியும் 80/20 விதியும் ஒன்றா? (வேலூர்)

உறவினர்கள், ஒரே ஆள் இல்லை. மேலே சொன்ன புவி இயற்பியல் எண்களிலேயே பாருங்கள்: மேலே உள்ள 20% இதழ்கள், அதாவது 65 இதழ்கள், தருவது 70%-க்குச் சற்றுக் குறைவு. 80% வேண்டுமென்றால் 108 இதழ்கள் வரை போகவேண்டும், அது மூன்றில் ஒரு பங்கு. வால் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். 80/20 என்பதைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அத்தியாயத்தில் எழுதாதீர்கள்.

லோட்காவுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் என்ன வித்தியாசம்?

லோட்கா (1926) ஆசிரியர்களை எண்ணினார், பிராட்ஃபோர்டு இதழ்களை எண்ணினார். ஒரே கட்டுரை மட்டும் எழுதியவர்கள் சுமார் 60% என்பது லோட்காவின் கணக்கு. கூகிளில் இது முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

என் வரைபடத்தில் நேர்கோடு கடைசியில் கீழ்நோக்கி வளைகிறது. நான் எங்கே தவறினேன்? (திருநெல்வேலி)

தவறியதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இதற்கு குரூஸ் தொய்வு என்றே பெயர் உண்டு, 1967-இல் இயற்பியல் இதழ்த் தரவில் அவர் சுட்டிக்காட்டியது. சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம், தேடல் முழுமையாக இல்லை, ஓரத்தில் கிடக்கும் இதழ்கள் வலையில் விழவில்லை என்பது. பல துணைத்துறைகளின் பட்டியலை ஒன்றாகக் கொட்டினாலும் இப்படி வளையும். உங்கள் தரவு ஸ்கோபஸிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கோபஸானாலும் வெப் ஆஃப் சயின்ஸானாலும் அவை இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தரவுத்தளங்கள். வெப் ஆஃப் சயின்ஸுக்கு அஸ்திவாரம் போட்ட கார்ஃபீல்டே பிராட்ஃபோர்டை வைத்துத்தான் வாதம் செய்தார்: ஒரு துறையின் வால் பெரும்பாலும் இன்னொரு துறையின் மையம், ஆகவே எல்லா அறிவியலுக்கும் சேர்த்து மைய இதழ்கள் ஆயிரத்தைத் தாண்டாது, ஐந்நூறாகக்கூட இருக்கலாம் என்று 1971-இல் எழுதினார். வாலை வெட்டிய இடத்தில் நின்றுகொண்டு வால் ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? தொய்வு இருக்கிறது, தரவு இந்த இடத்திலிருந்து எடுத்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், போதும்.

தலைகீழாகவும் நடக்கும். ஒரே இதழ் முழுப் பெயரில் ஒருமுறை, சுருக்கப் பெயரில் ஒருமுறை, பெயரில் வரும் "and" என்ற சொல்லை எழுதி ஒருமுறை, அதற்குப் பதில் "&" குறி போட்டு ஒருமுறை என்று நாலு இதழாக நிற்கும். ஒரு கட்டுரை மட்டும் தந்த இதழ்கள் என்று நீங்கள் எண்ணியதில் கணிசமானவை இப்படிப்பட்ட பேய்கள். இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை வைத்து அவற்றை ஒன்றாக்குங்கள். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும், அதையும் பாருங்கள். பட்டியலைச் சுத்தம் செய்யாமல் மண்டலம் பிரிக்காதீர்கள்.

சுயநிதிக் கல்லூரி நூலகர் நான். பட்ஜெட்டைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். பிராட்ஃபோர்டு போட்டு மைய மண்டல இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தலாமா? ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் எங்களுக்குக் கிடைக்குமா? (சேலம்)

நிறுத்தலாம், ஆனால் அந்த மண்டலத்தை வைத்து அல்ல. அது உலகம் எங்கே எழுதுகிறது என்று சொல்லும், உங்கள் கல்லூரியில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று சொல்லாது. பயன்பாட்டைத் தனியாக எண்ண வேண்டும். அதே சயின்ஸ் மியூசியம் நூலகத்தில் 1956-இல் உர்குவார்ட் இரவல் கணக்கு எடுத்தார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் இதழ்களில் பாதிக்கு மேல் யாரும் கேட்கவே இல்லை. 80% கோரிக்கைகள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இதழ்களுக்கு. உங்கள் பதிப்பாளரிடம் பதிவிறக்க அறிக்கை கேட்டு வாங்குங்கள், மூன்று வருடத்துக்காவது. இதழ் வாரியாக விலையைப் பதிவிறக்க எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு பதிவிறக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆகும் இதழ் உங்கள் பட்டியலில் நிச்சயம் நாலைந்து இருக்கும்.

நீங்கள் கேட்ட ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன், மத்திய அரசே நாடு முழுவதற்கும் ஆய்விதழ்களை மொத்தமாக வாங்கும் திட்டம்: 6,000 கோடி ரூபாயில் 2025 முதல் மூன்று ஆண்டுக்கு, 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள், முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரி காத்திருக்க வேண்டியதுதான். மொத்தமாக 13,000 வாங்கும்போது வாலுக்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது. அது சரியா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் ஒரு சிறிய அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு முதன்முறையாக எல்லாம் திறந்திருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

எங்கள் கல்லூரியில் க்யூ1 இதழில்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். க்யூ1 என்பதும் பிராட்ஃபோர்டின் முதல் மண்டலமும் ஒன்றுதானே? (சென்னை)

இல்லை. க்யூ1 என்பது மேற்கோள் சராசரியை வைத்து இதழ்களை நாலு சம பங்காக்கி மேலே உள்ள கால்வாசி. பிராட்ஃபோர்டின் முதல் மண்டலம் ஒரு தலைப்பில் அதிகக் கட்டுரை போட்ட இதழ்கள், தரம் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுமாரான இதழ் அதிகம் போட்டால் மையத்தில் நிற்கும், நல்ல இதழ் வருடத்துக்கு ஒன்று போட்டால் வாலில் நிற்கும்.

சராசரியை நம்பி எழுதுபவர்களுக்கு ஒரு கதை, உண்மைக் கதை. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள் சராசரி, 2 போல இருந்தது. 2009 கணக்கில் திடீரென 49-ஐத் தாண்டியது. இதழ் மாறவில்லை, ஆசிரியர் குழுவும் ரத்தினமாகிவிடவில்லை. ஷெல்டிரிக் 2008-இல் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையை, அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு படிகவியலாளரும் மேற்கோள் காட்டினார்கள், ஆயிரக்கணக்கில். அதே இதழில் அந்த வருடம் வந்த மற்றக் கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து அந்தக் கட்டுரை வெளியேறியதும் இதழ் பழையபடி 2-க்கு வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே எழுதியவர்கள் தங்கள் பயோடேட்டாவில் என்ன போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்துச் சிரிப்பேன்.

ப்ளாஸ் ஒன் மாதிரி எல்லாத் துறையும் போடும் ராட்சத இதழ்கள் வந்த பிறகும் விதி நிற்குமா? (புதுச்சேரி)

நல்ல கேள்வி. ப்ளாஸ் ஒன் 2013-இல் மட்டும் 31,000-க்கு மேல் கட்டுரை போட்டது. அப்புறம் அது இறங்க, சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் முந்தியது. விளைவு, எந்தத் தலைப்பை எடுத்தாலும் இவை மைய மண்டலத்தில் வந்து உட்காருகின்றன. எண்ணிக்கையின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் "இதுதான் இந்தத் துறையின் மைய இதழ்" என்று சொல்வதில் இருந்த அர்த்தம் போய்விடுகிறது. ஒருமுறை அவற்றோடு, ஒருமுறை அவற்றை நீக்கி, இரண்டு கணக்கும் கொடுங்கள்.

இப்படி ஒரு சிலவற்றிலேயே குவிவது ஏன்? (ஈரோடு, பிளஸ் டூ மாணவி)

நிறையக் கட்டுரை வரும் இதழுக்கே அடுத்த கட்டுரையும் போகிறது, அந்தத் துறைக்காரர்கள் அங்கேதான் படிக்கிறார்கள் என்பதால். டெரெக் பிரைஸ் 1976-இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பி.எச்டிக்காரர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை, பிளஸ் டூவில் இருந்துகொண்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.

தமிழியல் ஆய்வுக்கு பிராட்ஃபோர்டு போடலாமா? ஸ்கோபஸில் தேடினால் சொற்பமே வருகிறது. (தஞ்சாவூர்)

ஸ்கோபஸில் தேடினால் சொற்பம்தான் வரும், தமிழில் வரும் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை அங்கே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி கேரை வைத்துத் தொடங்கலாம் என்றால் அதையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள், பழைய பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், அதன் குறைகளோடு. நான் செய்வதானால் ஒரு குறுகிய தலைப்பை எடுப்பேன், சிலப்பதிகாரம் என்று வையுங்கள், பத்து ஆண்டு எல்லை வைத்து, நூலகம் நூலகமாகப் போய் இதழ்களைப் புரட்டி அட்டையில் எழுதுவேன். பிராட்ஃபோர்டின் 1,332 கட்டுரைகளும் கம்ப்யூட்டர் இல்லாமல் எண்ணப்பட்டவைதான்.

ஒரு சிக்கல் உண்டு. நம் ஆட்கள் இதழில் எழுதுவதைவிடக் கருத்தரங்கத் தொகுப்பில் எழுதுவது அதிகம். ஒரே கருத்தரங்கில் நூற்றுக்கணக்கில் கட்டுரை, அதற்கு ஒரு தடித்த புத்தகம், அத்தோடு சரி. அதை இதழாக எண்ணுவதா வேண்டாமா? எண்ணினால் மையம் முழுக்க அதுவே நிற்கும், விட்டுவிட்டால் துறையில் பெரும் பங்கை விட்டதாகும். இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன். நூலக வேலையை எண்களால் அளக்க வேண்டும் என்று 1948-லேயே பேசியவர் சீர்காழிக்காரர் ரங்கநாதன். அவர் ஊர் உங்களுக்குப் பக்கம்தான், யாராவது இதைச் செய்யுங்கள். செய்தால் எனக்குத் தரவை அனுப்புங்கள், முடிவை அல்ல.

இதற்கெல்லாம் எக்செல் போதுமா, ஆர் (R) நிரல்மொழி கற்க வேண்டுமா? (நாகர்கோவில்)

சில ஆயிரம் கட்டுரை வரை எக்செல் போதும். பிவட் டேபிளில் இதழ்ப் பெயரை எண்ணி, இறங்கு வரிசையில் அடுக்கி, பக்கத்துப் பத்தியில் கூட்டிக்கொண்டே வாருங்கள், வரைபடத்தில் கிடை அச்சை மடக்கைக்கு மாற்றுங்கள். ஆரில் பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது, ஒரு கட்டளையில் மண்டலம் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் அது உங்கள் இதழ்ப் பெயர்களைச் சுத்தம் செய்து தராது. தலைப்பு, காலம், தரவு எடுத்த இடம் மூன்றையும் நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்களும் எழுதவில்லை, பாருங்கள்.